ஈடு வைத்த வீடு ஏலத்துக்குப் போகுமா? திருகோணமலை வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வங்கியில் வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்தவர்கள் தவணை தவறும்போது கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். இலங்கைச் சட்டத்தையும் திருகோணமலை மாவட்டத்தின் காணி, வருமான நிலைமைகளையும் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அறிவித்தல் கைக்கு வந்தவர்கள் இதை வாசித்த கையோடு சட்டத்தரணி ஒருவரையும் காண வேண்டும்.

இரண்டு மாதத் தவணை கட்டவில்லை. வீடு போய்விடுமா?

உடனே போகாது. ஆனால் உங்களுக்குக் கையில் இருக்கும் மிக நல்ல காலம் இதுதான், அது வேகமாகக் கரையும். ஒரு தவணை தவறினாலே முழுக் கடனையும் திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு என்று பெரும்பாலான ஈட்டு முறிகளில் எழுதியிருக்கும். நடைமுறையில் முதலில் தொலைபேசி அழைப்பு, பிறகு நினைவூட்டல் கடிதம், பிறகு சட்டத்தரணி வழியான கோரிக்கைக் கடிதம் என்றே வரும்.

கவனிக்க வேண்டிய எல்லை 90 நாள். அதைத் தாண்டினால் கடன் செயற்படாக் கடனாக வகைப்படுத்தப்படும். அதுவரை உங்கள் கோப்பு பெரும்பாலும் திருகோணமலைக் கிளையிலேயே இருக்கும். முகாமையாளருக்கு உங்களைத் தெரியும், கடை எங்கே, வள்ளம் எங்கே என்றும் தெரியும். 90 நாள் கடந்த கோப்பு தலைமை அலுவலக மீட்புப் பிரிவுக்குப் போய்விட்டால் அங்கே உங்களை அறிந்தவர் யாரும் இல்லை. கிளை முகாமையாளர் விரும்பினாலும் அவரால் தனியே முடிவெடுக்க முடியாது. ஆகவே மூன்றாவது தவணை தவறுவதற்கு முன் போய்க் கதையுங்கள். அழைப்பை எடுக்காமல் விடுவதுதான் நாம் காணும் தவறுகளில் மிகப் பொதுவானது. பதில் சொல்லாதவரைக் கட்ட மனமில்லாதவர் என்றே கோப்பில் எழுதுவார்கள்.

கடன் எடுத்தபோது கட்டிய தவணை இப்போது ஏன் இவ்வளவு கூடியது?

உங்கள் கடன் மாறும் வட்டிக் கடனாக இருக்கலாம். மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த ஆண்டிலேயே முதன்மைக் கடன் வீதம், அதாவது வங்கிகள் தம் மிகச் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டி, 20 சதவீதத்தைத் தாண்டியது. 60 இலட்சம் ரூபாய்க் கடனை 15 ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 72,000 ரூபாய். 20 சதவீதத்தில் 105,400 ரூபாய். கடன் ஒரு ரூபாயும் கூடவில்லை, தவணை மட்டும் 33,000 ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது.

வட்டி பின்னர் இறங்கியபோது எல்லோருடைய தவணையும் தானாக இறங்கவில்லை. எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வீதத்தை மீளப் பார்ப்பார்கள், எந்த வீதத்தோடு எத்தனை சதவீதம் கூட்டுவார்கள் என்பது உடன்படிக்கையில் இருக்கும். அந்த வரியைத் தேடி வாசியுங்கள். இன்றைய வீதத்தின்படி தவணையைக் கணக்கிட்டுத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சிலருக்கு இந்த ஒரு கடிதமே போதுமான ஆறுதலைத் தந்துவிடும்.

‘பராட்டே’ என்று பயமுறுத்துகிறார்கள். அது என்ன?

வழக்குப் போடாமலே ஈடு வைத்த ஆதனத்தை வங்கி பகிரங்க ஏலத்தில் விற்கும் அதிகாரம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் உரிமம் பெற்ற வங்கிகளுக்கு இதைக் கொடுத்தது. அரச வங்கிகள் சிலவற்றுக்கு அவற்றின் சொந்தச் சட்டங்கள் வழியாகவும் இதே போன்ற அதிகாரம் உண்டு. அதனால் உங்களுக்கு வந்த அறிவித்தலில் எந்தச் சட்டத்தின் கீழ் தீர்மானம் எடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். கீழே சொல்வது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதை.

முதலில் வங்கியின் பணிப்பாளர் சபை, இந்த ஆதனத்தை இன்ன ஏலகாரர் மூலம் விற்பது என்று தீர்மானம் நிறைவேற்றும். அந்தத் தீர்மானம் வர்த்தமானியிலும், மும்மொழி நாளிதழ்களிலும் வெளியாகும். கடனாளிக்குத் தபாலில் ஒரு பிரதி வரும். பின்னர் ஏல நாள், நேரம், இடம் குறித்த அறிவித்தல், ஏலத்துக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் வர்த்தமானியில் வர வேண்டும். அதன் பிரதி உங்களுக்குத் தபாலில் வர வேண்டும், ஆதனத்திலோ அருகிலோ ஒட்டப்படவும் வேண்டும். ஏலம் முடிந்ததும் வாங்கியவருக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதோடு உரித்து அவருக்குப் போய்விடும். அது காணிப் பதிவகத்தில் பதியப்படும்.

தபால் பற்றி ஒரு சொல். இந்த மாவட்டத்தில் இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் முகவரி மாறியவர்கள் அதிகம். வங்கி தன்னிடம் பதிந்த முகவரிக்கே அனுப்பும். நிலாவெளி வீட்டை ஈடு வைத்துவிட்டு உவர்மலையில் வாடகைக்கு இருப்பவருக்குக் கடிதம் கிடைக்காமலே ஏல நாள் வந்துவிடும். முகவரி மாறியிருந்தால் இன்றே எழுத்தில் அறிவித்து, பிரதியில் வங்கியின் முத்திரை வாங்கி வையுங்கள்.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2024இல் திருத்தச் சட்டம் ஒன்றின் மூலம் இந்த அதிகாரத்தை அந்த ஆண்டு டிசம்பர் 15 வரை நிறுத்தி வைத்தார்கள், பின்னர் காலம் நீடிக்கவும்பட்டது. அது தற்காலிக நிறுத்தமே. சட்டம் ஒழிந்துவிட்டது என்று நம்பி இருந்தவர்கள் அந்தக் காலம் முழுவதும் வட்டியைத்தான் வளர்த்தார்கள்.

எங்கள் கடன் 35 இலட்சம்தான். அதற்கும் பராட்டே உண்டா?

2011ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, கடனாக எடுத்த முதல் (வட்டி சேராத தொகை) 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏலம் போட முடியாது. எண்ண வேண்டியது எடுத்த முதலை மட்டுமே. வட்டியும் தண்டமும் சேர்ந்து இன்று 58 இலட்சம் ஆகியிருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. வங்கி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் போனால், ஆவணங்களை மட்டும் பார்த்து நீதிமன்றம் முதலில் ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணை வழங்கும். அது உங்களுக்குச் சேர்ப்பிக்கப்படும்போது குறித்த நாளில் தோன்றி, எதிர்வழக்காட அனுமதி கேட்க வேண்டும். அனுமதி சும்மா கிடைக்காது. பணத்தைக் கட்ட வேண்டும், அல்லது பிணை கொடுக்க வேண்டும், அல்லது விசாரிக்கத் தக்க உண்மையான பிரச்சினை இருக்கிறது என்று சத்தியக்கடதாசியில் காட்ட வேண்டும். அந்த நாளுக்குப் போகாவிட்டால் தீர்ப்பாணை முடிவாகிவிடும். நீதிமன்றக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவதால் இழக்கப்படும் வீடுகள் இப்படித்தான் போகின்றன.

வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. கடன் கணவருடையது. ஏலம் போடலாமா?

கிழக்கில் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் வீடு பெண்பிள்ளைக்கே எழுதப்படுவது வழக்கம். ஆகவே இந்தக் கேள்வி இங்கே வீட்டுக்கு வீடு வரும். கடன் எடுத்தவர் ஒருவர், ஈடு வைத்தவர் இன்னொருவர் என்றால், மூன்றாம் ஆளின் ஆதனத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பராட்டே முறையில் விற்க முடியாது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியிருக்கிறது.

ஆனால் வங்கிகளுக்கும் இது தெரியும். அதனால் மனைவியையும் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பம் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்திருந்தால் மேலே சொன்ன பாதுகாப்பு கிடையாது. கம்பனி பெயரில் கடன் எடுத்து, பணிப்பாளர் தன் சொந்த வீட்டை ஈடு வைத்த வழக்குகளிலும் நீதிமன்றம் வங்கிக்குச் சாதகமாகத் தீர்த்ததுண்டு. கடன் விண்ணப்பம், கடன் வழங்கல் கடிதம், ஈட்டு முறி ஆகிய மூன்றிலும் யார் எந்த நிலையில் கையொப்பமிட்டார்கள் என்பதைச் சட்டத்தரணிக்குக் காட்டுங்கள். பெற்றோருக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதப்பட்ட உறுதியாக இருந்தால் அவர்கள் ஈட்டு முறியில் கையொப்பமிட்டார்களா என்பதும் முக்கியம். பராட்டே முடியாது என்றால் வங்கி வழக்குப் போட்டு அதே வீட்டை விற்பிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்குக் கிடைப்பது காலமும் நீதிபதி முன் பேசும் வாய்ப்பும்.

வங்கியில் போய் என்ன கேட்பது?

“கொஞ்சம் பொறுங்கோ” என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. எழுத்தில் ஒரு திட்டம் கொண்டு போங்கள். கடந்த ஆறு மாத வரவு செலவு, சம்பளச் சீட்டு அல்லது விற்பனைக் குறிப்பு, வேறு கடன்கள், லீசிங், நகை அடகு எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். வருமானம் குறைந்ததற்கான சான்றையும் வையுங்கள்: வைத்தியசாலைச் சீட்டு, வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், வெள்ளச் சேதம் பற்றிய கிராம அலுவலர் கடிதம் போன்றவை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகையை நீங்களே சொல்லுங்கள். சொன்னதைக் கட்ட முடியாமல் போனால் அடுத்த தடவை காது கொடுக்க மாட்டார்கள். ஆகவே உண்மையில் முடிந்ததைவிட ஒரு படி குறைத்தே சொல்லுங்கள்.

கேட்கக் கூடியவை நான்கு. தண்ட வட்டியைத் தள்ளுபடி செய்தல். ஆறு மாதமோ ஒரு ஆண்டோ வட்டியை மட்டும் கட்டுதல். நிலுவையைத் தனியாகப் பிரித்து ஆறுதலாகக் கட்டுதல். கடன் காலத்தை நீட்டுதல்.

கடைசி வழியைத்தான் வங்கி முதலில் நீட்டும். அதன் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். மீதிக் கடன் 50 இலட்சம், வட்டி 12 சதவீதம். 10 ஆண்டில் கட்டினால் தவணை ஏறத்தாழ 71,700 ரூபாய், மொத்த வட்டி 36 இலட்சம். 20 ஆண்டாக நீட்டினால் தவணை 55,100 ரூபாய், மொத்த வட்டி 82 இலட்சம். மாதம் 16,600 ரூபாய் மிச்சம் பிடிக்க 46 இலட்சம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். வீடு போவதைவிட அது மேல் என்ற நிலை வரும்போது நீட்டுங்கள். ஆனால் கைக்குப் பணம் வரும்போது முற்கூட்டிக் கட்டத் தண்டம் உண்டா என்று கேட்டு, இல்லை என்று எழுதி வாங்கிய பிறகே நீட்டுங்கள்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு கோரிக்கை உண்டு. நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரருக்கும் அவர்களை நம்பிய முச்சக்கர வண்டிக்காரருக்கும் உழைப்பு சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் ஐப்பசி முதல் தை வரை சிறு வள்ளக்காரருக்கும் கை வறண்டிருக்கும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்பவருக்குப் பெரும்போகக் காசு மாசி பங்குனியில் வரும், சிறுபோகக் காசு ஆவணி புரட்டாதியில் வரும். வங்கியோ பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை கேட்கிறது. பருவத்துக்கேற்ற தவணை தரும்படி கேளுங்கள்: உழைக்கும் மாதங்களில் கூட்டி, மற்ற மாதங்களில் வட்டி மட்டும். எல்லா வங்கியும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கேட்காதவருக்கு எவரும் தாமாகத் தரப் போவதில்லை. இரண்டு ஆண்டுக் கணக்குக் கூற்றில் இந்தப் பருவ ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் வாதம் வலுக்கும். அதனால் உழைத்த காசைக் கையில் வைக்காமல் அதே வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள்.

எந்த ஒப்பந்தமும் கடிதமாக வர வேண்டும். வாய்ச் சொல்லை நம்பிப் பகுதித் தொகை கட்டிக்கொண்டிருந்தவரின் வீட்டுக்கும் ஏல அறிவித்தல் வரும், ஏனெனில் தலைமை அலுவலகக் கோப்பில் அந்தச் சொல் இல்லை.

நகை அடகு வைத்தோ வேறு கடன் எடுத்தோ தவணை கட்டலாமா?

வருமானம் இன்ன மாதத்தில் திரும்பி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், இரண்டு மூன்று மாத இடைவெளியை நகை அடகால் கடக்கலாம். நுண்கடனாலோ கைமாற்று வட்டிக் காசாலோ வீட்டுக் கடனைக் கட்டாதீர்கள். 12 சதவீதக் கடனை அதைவிடப் பல மடங்கு வட்டியுள்ள கடனால் மூடுவது அது.

ஊழியர் சேமலாப நிதியில் பத்து ஆண்டுக்கு மேல் பங்களித்தவர்களுக்கு, வீட்டுத் தேவைக்காக மீதியில் 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வசதி உண்டு. தகுதி இருக்கிறதா என்று தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். நிதி மீதியைப் பிணையாக வைத்து எடுத்த வீட்டுக் கடனாக இருந்தால், கட்டாத தொகை அந்த நிதியிலிருந்தே கழிக்கப்படும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். முதுமைக்கான காசு சத்தமில்லாமல் போய்விடும்.

தனியாரிடம் உறுதி எழுதிக் கொடுத்துக் காசு வாங்கினோம். இதுவும் ஈடுதானே?

எழுதியது என்ன என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் நாங்கள் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

ஈட்டு முறி எழுதியிருந்தால் வீடு இன்னமும் உங்களுடையது. காசு கொடுத்தவர் 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டே விற்பிக்க முடியும். பராட்டே அதிகாரம் தனியாருக்கு இல்லை.

ஆனால் பல கடன்காரர் கேட்பது ஈட்டு முறி அல்ல. “சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்று அறுதி உறுதியில், அதாவது வீட்டை முற்றாக விற்றுவிட்டதாகக் காட்டும் உறுதியில், கையொப்பம் வாங்குவார்கள். அல்லது, இன்ன தொகையை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனை உறுதி. காலம் ஒரு நாள் தவறினாலும் ஏலம் இல்லை, அறிவித்தல் இல்லை, மிச்சக் காசும் இல்லை. ஒரு கோடி பெறும் வீடு 15 இலட்சக் கடனுக்குப் போய்விடும்.

அப்படி ஏற்கனவே எழுதிவிட்டால் கதவு முழுவதும் அடைபட்டுவிடவில்லை. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி, சூழ்நிலைகளைப் பார்க்கும்போது உரிமையாளர் தன் பயன் உரித்தை விட்டுக்கொடுக்க எண்ணவில்லை என்று தெரிந்தால், உறுதி வாங்கியவர் அதை உங்களுக்காக வைத்திருப்பவர் என்று நீதிமன்றம் கருதலாம். உறுதியில் எழுதிய விலை சந்தை விலையைவிட மிகக் குறைவா, எழுதிய பிறகும் நீங்களே குடியிருக்கிறீர்களா, வரியும் மின்கட்டணமும் நீங்கள் கட்டுகிறீர்களா, மாத வட்டி கொடுத்ததற்குச் சான்று உண்டா, உறுதிச் செலவை யார் ஏற்றார் என்பவையெல்லாம் பார்க்கப்படும். ஆகவே வட்டியைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள். மதிப்பீட்டு வரிச் சிட்டைகளைக் கிழித்து எறியாதீர்கள். அவர் மூன்றாம் ஆளுக்கு விற்பதற்கு முன் சட்டத்தரணியிடம் போங்கள்.

வெறும் தாளிலோ, திறந்த அற்றோணித் தத்துவத்திலோ கையொப்பம் வைக்கவே வேண்டாம்.

எங்களுடையது அனுமதிப்பத்திரக் காணி. அதற்கு என்ன?

கந்தளாய், சேருவில, மொறவெவ, மூதூர்ப் பக்கங்களில் பல வீடுகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ இருக்கின்றன. இவற்றை உறுதிக் காணி போல எவருக்கும் ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது. சாதாரணக் கடன் வழக்கின் தீர்ப்பாணைக்காக நீதிமன்றம் இவற்றைக் கைப்பற்றி விற்பதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. சட்டம் அனுமதித்த நிறுவனத்துக்கு முறைப்படி ஈடு வைத்திருந்தால் நிலை வேறு. பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்துக் காசு வாங்கியிருந்தால் அது காணியின் உரித்தை அவருக்குக் கொடுக்காது. ஆனால் நிபந்தனை மீறலென்று அனுமதிப்பத்திரத்துக்கே கேடு வரலாம். பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கோப்பைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு நடவுங்கள்.

ஏலத்தில் போனால் உண்மையில் எவ்வளவு நட்டம்?

சந்தையில் ஒரு கோடிக்குப் பேசக்கூடிய வீடு ஏலத்தில் ஏன் அடிவிலைக்குப் போகிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். காரணம் ஏல நிபந்தனைகளிலேயே இருக்கிறது. வழமையாக வாங்குபவர் அன்றே விலையில் 10 சதவீதம் கட்ட வேண்டும். உள்ளூராட்சி வரி 1 சதவீதம், ஏலகாரர் தரகு 2.5 சதவீதம், விளம்பரச் செலவில் பாதி, நொத்தாரிசுக் கட்டணம் எல்லாம் அவர் தலையில். மீதி 90 சதவீதத்தையும் 30 நாளில் கட்ட வேண்டும். வங்கிக் கடன் எடுத்து வீடு வாங்கும் சாதாரணக் குடும்பம் இந்த ஏலத்துக்கு வரவே முடியாது. கையில் காசுள்ள சிலர் மட்டும் வருவார்கள். உள்ளே ஆட்கள் குடியிருக்கும் வீட்டைப் பெற நீதிமன்றம் போக வேண்டி வரலாம் என்ற பயத்தையும் அவர்கள் விலையில் கழிப்பார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. வட்டியோடு கடன் 70 இலட்சம், வங்கியின் விற்பனைச் செலவு 2 இலட்சம். 72 இலட்சத்துக்கு ஏலம் போனால் உங்கள் கைக்கு ஒரு சதமும் வராது. 60 இலட்சத்துக்குப் போனால் வீடும் போய் 12 இலட்சம் கடனும் நிற்கும். அதே வீட்டை நீங்களே அவசரமில்லாமல் 90 இலட்சத்துக்கு விற்றால், வங்கிக்கு 70, தரகருக்கு 2 சதவீதம் என்றால் 1.8 இலட்சம் போக, 18 இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். கன்னியா, பாலையூற்றுப் பக்கம் சிறு காணித் துண்டுக்கு முற்பணமாவது அது ஆகும்.

கட்ட முடியும் என்ற நம்பிக்கை உண்மையில் இல்லை என்றால், ஏலத்துக்கு முன் நீங்களே விற்பதுதான் எங்கள் அபிப்பிராயம். மானப் பிரச்சினை என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த 18 இலட்சத்தைத் தின்னும்.

ஈட்டில் இருக்கும் வீட்டை நாமே விற்பது எப்படி?

வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் கேளுங்கள். இன்ன நாள் வரை இவ்வளவு கட்டினால் ஈடு விடுவிக்கப்படும் என்று அதில் இருக்க வேண்டும். அத்தோடு விற்பனைக்குக் குறைந்தது மூன்று மாத அவகாசம் எழுதிக் கேளுங்கள். தண்ட வட்டிச் சலுகை கேட்கவும் இதுவே இடம், ஏனெனில் வங்கிக்கும் ஏலத்தைவிட முழுக் காசு வருவது நல்லது. வாங்குபவரிடம் ஈடு இருப்பதை மறைக்காதீர்கள். அவர் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடும்போது அது தெரியத்தான் போகிறது.

வாங்குபவரின் காசு உங்கள் கைக்கு வராமல் வங்கிக்கு நேரே போக வேண்டும். ஈடு விடுவிப்பு உறுதியும் விற்பனை உறுதியும் அடுத்தடுத்து எழுதப்பட்டுப் பதியப்பட வேண்டும். முற்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டு, மீதிக்குள் வங்கிக் கடன் அடங்காமல் போய் வாங்குபவரோடும் வழக்காகும் நிலையே இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு.

சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்ததா?

இல்லை. இலங்கையில் கடன் உங்களுடைய தனிப்பட்ட பொறுப்பு. எழுத்தில் முழுத் தீர்வு என்று வங்கி ஒப்புக்கொண்டாலன்றி, விற்ற காசு போதாவிட்டால் மீதிக்கு வழக்கு வரும்.

பிணை நின்றவர்களுக்கு?

வங்கி அவர்களிடமும் கேட்கலாம், அவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கடிதம் போகும் முன் நீங்களே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வாயால் கேள்விப்பட்டால் உறவும் முறியும்.

கிரிப்பில் பெயர் விழுந்தால் என்ன?

கிரிப் என்பது கொடுகடன் தகவல் பணியகம். தவணைத் தாமதம் அதன் அறிக்கையில் பதியும். புதிய கடன், லீசிங், கடனட்டை கேட்கும்போது எல்லா வங்கியும் அதைப் பார்க்கும். கடன் தீர்ந்த பிறகு தீர்ந்தது என்றே காட்டுகிறதா என்று உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் கடன் கொடுத்த வங்கியிடம் திருத்தக் கேளுங்கள்.

கடன் எடுத்தவர் இறந்துவிட்டார். நாங்கள் கட்ட வேண்டுமா?

முதலில் காப்புறுதியைத் தேடுங்கள். வீட்டுக் கடனோடு பெரும்பாலும் கடன் பாதுகாப்புக் காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கும். இறப்பிலும், பலவற்றில் நிரந்தர முழு இயலாமையிலும் மீதிக் கடனை அது கட்டும். குடும்பத்துக்கு இது தெரியாமலே மாதக்கணக்கில் தவணை கட்டுவதுண்டு. கடன் வழங்கல் கடிதத்திலும் முதல் மாதக் கழிவுகளிலும் காப்புறுதிக் கட்டணம் இருக்கிறதா பாருங்கள். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் தாமதமின்றி எழுத்தில் அறிவியுங்கள்.

முறைப்பாட்டை எங்கே கொண்டு போவது?

முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களம், தொலைபேசி 1935. வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு வருமான விபரத்தோடு போகலாம். ஆங்கிலத்தில் வந்த கடிதம் விளங்காவிட்டால் தமிழில் தரும்படி கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வேண்டாம்.

கடன் கவலையால் நித்திரையின்றி, உயிரை விடலாம் என்ற எண்ணம் வருபவர்கள் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். வீட்டில் ஒருவருக்காவது இன்றிரவே சொல்லுங்கள். போகிற வீட்டை இன்னொரு தடவை கட்டலாம்.

ஏல அறிவித்தல் சுவரில் ஒட்டியாகிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

ஏல நாளுக்கு முன் கடன் முழுவதையும் வட்டி, செலவோடு கட்டினால் விற்கக் கூடாது என்பது சட்டம். நிலுவையை மட்டும் கட்டி நிறுத்தக் கேட்பது பணிப்பாளர் சபையின் விருப்பத்தைப் பொறுத்தது. பகுதித் தொகை கட்டுவதென்றால், ஏலம் ஒத்திவைக்கப்பட்டது என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே கட்டுங்கள்.

நீதிமன்றத் தடையுத்தரவு கேட்பதற்கு வலுவான காரணம் வேண்டும்: வட்டி சேராத கடன் தொகை 50 இலட்சத்துக்குக் குறைவு, மூன்றாம் ஆளின் ஆதனம், 14 நாள் அறிவித்தல் இல்லை, கட்டிய பணம் கணக்கில் சேர்க்கப்படவில்லை போன்றவை. “பிள்ளைகளோடு எங்கே போவோம்” என்பது எவ்வளவு உண்மையானாலும் தனியே சட்டக் காரணமாகாது. ஈட்டு முறி, கடன் வழங்கல் கடிதம், கட்டிய சிட்டைகள், வந்த எல்லாக் கடிதமும் அவற்றின் உறைகளும் சட்டத்தரணிக்கு வேண்டும். உறையிலுள்ள தபால் முத்திரைத் திகதி வழக்கையே மாற்றக்கூடும்.

ஏலம் முடிந்த பிறகு மீட்க முடியுமா? எப்போது வெளியேற வேண்டும்?

கேட்பார் இல்லாமல் வங்கியே வாங்கியிருந்தால் சிறு வாய்ப்பு இருக்கிறது. வங்கி அதை மறுபடி விற்கும் முன், கடனையும் செலவையும் வட்டியையும் கட்டினால் அந்த விற்பனையை இரத்துச் செய்யப் பணிப்பாளர் சபைக்கு அதிகாரம் உண்டு. வெளியாள் வாங்கிச் சான்றிதழ் பெற்றுவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை.

வாங்கியவர் தன் கைபட உங்களை வெளியேற்ற முடியாது. விற்பனைச் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை ஒப்படைப்புக் கட்டளை பெற்று, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் அலுவலர் மூலமே வர வேண்டும். பூட்டு உடைப்பவர்கள், மின்சாரம் துண்டிப்பவர்கள் மீது பொலிசில் முறையிடலாம். அதேவேளை கட்டளை வரும் வரை காத்திருப்பதைவிட, வெளியேறும் திகதியை வாங்கியவரோடு எழுத்தில் பேசி முடிப்பது நல்லது. இரண்டு மூன்று மாத அவகாசமோ இடமாற்றச் செலவோ தர அவர்கள் ஒப்புவதுண்டு, ஏனெனில் வழக்கு அவர்களுக்கும் செலவு. பிள்ளைகளின் பள்ளித் தவணை முடியும் திகதியை அந்தப் பேச்சில் வையுங்கள்.

ஏல நாளில் நாங்கள் அங்கே நிற்க வேண்டுமா?

நில்லுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். யார் எவ்வளவு கேட்டார், இறுதி விலை என்ன, வாங்கியவர் வங்கியா வெளியாளா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த, வாங்கும் எண்ணமுள்ளவர்களை முன்கூட்டியே அழைத்து வாருங்கள். ஒருவர் கூடுதலாகக் கேட்டாலே விலை சில இலட்சம் உயரும், அந்த இலட்சங்கள் உங்கள் கடனைத்தான் குறைக்கும். பிறகு வங்கியிடம் விற்பனைக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: விலை, கழித்த கடன், வட்டி, செலவு ஒவ்வொன்றும் தனித்தனியாக. கடனும் செலவும் போக மிஞ்சும் காசு உங்களுக்கோ உரித்துள்ள வேறொருவருக்கோ சேர வேண்டியது. யாருக்குக் கொடுப்பது என்று வங்கிக்குச் சந்தேகம் இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் வைப்பார்கள், அங்கே விண்ணப்பித்துப் பெறலாம்.